முறிந்த மரத்தை அவசரப்பட்டு அறுக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் வேலூர், காட்பாடிப் பக்கம் மரங்கள் விழுந்ததைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். சாலையோரத்துப் பெரிய மரங்களை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்று அதில் சிலர் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கவலையாக இருக்கிறது.

காற்றடித்தால் ஒன்று மரத்தின் தண்டு முறியும், இல்லையென்றால் மரம் வேரோடு சாயும். இரண்டும் ஒன்றல்ல; வேர் அசையாமல் நிற்கும் மரம் முறிந்தாலும் மறுபடி துளிர்க்கலாம். 1989-ல் ஹ்யூகோ புயல் கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் மழைக்காட்டை மொட்டையடித்துவிட்டுப் போனது. காடு அழிந்தே போனது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலான மரங்கள் சில வாரங்களிலேயே துளிர்த்தன. முறிந்த தண்டுகளிலும் கிளை வெடித்தது. 2017-ல் அதே தீவில் மரியா புயல் வந்தபோது கடும் காற்றோடு பேய்மழையும் சேர்ந்துகொண்டது. ஹ்யூகோவில் செத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மரங்கள் செத்தன. முன்பு தாக்குப்பிடித்த வைரம் பாய்ந்த மரங்களே இந்த முறை முறிந்தன. பனை இன மரங்கள்தான் ஓரளவு தப்பின.

அமேசான் காட்டுக்குக் கடற்புயல் வருவதில்லை. அங்கே இடிமேகத்திலிருந்து குப்பென்று கீழே இறங்கும் காற்றே மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்க்கிறது. 2005 ஜனவரியில் அந்தக் காட்டைக் குறுக்காகக் கடந்த இடிமழைத் தொடரில் சுமார் 50 கோடி மரங்கள் மடிந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த இழப்புக்கு முதலில் வறட்சிதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். கோடையில் நம் ஊரில் அரைமணி நேரம் ஆட்டிவைக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த ரகக் காற்றுதான்.

எங்கள் தெருவில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கால்வாய்ப் பக்கத்து வேர்கள் எல்லாம் ஒரே நேராக வெட்டுப்பட்டிருந்தன. பழைய வெட்டு, முனை கறுத்துக் காய்ந்திருந்தது. மறுபக்கம் அடிமரத்தை ஒட்டி பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். மரம் பெயர்ந்தபோது நாலைந்து கல்லும் வேரோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தன. கிளம்பிய குழி ஒரு முழ ஆழம்கூட இல்லை. பிடிமானமே இல்லாத மரத்தைக் காற்று தள்ளியது, அவ்வளவுதான். அதைவிட என்னை வருத்தியது வேறு. இரண்டு வீடு தள்ளி ஒரு வேம்பு தலை மட்டும் முறிந்து, வேர் அசையாமல் நின்றது. மறுநாள் ரம்பத்தோடு வந்தவர்கள் அதையும் சேர்த்து அடியோடு அறுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் அடுத்த மழைக்குள் தழைத்திருக்கும். வேம்பு எப்படித் துளிர்க்கும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

எனவே உங்கள் இதழ் வழியாகச் சாலை, கால்வாய் வேலைகளைப் பார்க்கும் அதிகாரிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடிமரத்தைச் சுற்றி நாலடியாவது மண்ணாக விடுங்கள். கால்வாய் தோண்டும்போது தடித்த வேர் வந்தால் வளைந்து போங்கள். முறிந்து நிற்கும் மரத்தின் ஆபத்தான கிளையை மட்டும் கழித்துவிட்டு ஒரு பருவமழை வரை பொறுத்துப் பாருங்கள். புதிதாக நடும்போது சீக்கிரம் நிழல் தரும் என்று குல்மொகரையே நட வேண்டாம். அதன் கிளை லேசில் ஒடியும். புங்கன், புளி, வேம்பு, பாலை இருக்கின்றன. அப்புறம், அந்த வேம்பின் அடிக்கட்டையையாவது பெயர்த்தெடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். அதில் இன்னும் உயிர் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி