கென்யக் குழந்தைகள் இல்லங்களுக்கு உதவ நினைப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் பக்கத்து இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம்மவர்களின் நல்ல வழக்கம். நைரோபியிலும் கம்பாலாவிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் வழியாக அது இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. பணம் வருவதில் மகிழ்ச்சிதான். ஆனால் அது வரும் மாதமும், எதற்கென்று சொல்லி வருகிறது என்பதும் இல்லத்தின் நடப்போடு பொருந்துவதில்லை. மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரைப் பகுதி இல்லங்களின் அன்றாடத்தைக் கவனிப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

டிசம்பரில் கேக், பிஸ்கட், கோழி, புதுத்துணி எல்லாம் குவியும். ஒரே வாரத்தில் மூன்று விருந்து நடப்பதும் உண்டு. ஜூன் மாதம் யாருக்கும் ஞாபகம் வராது. இல்லத்துக்கு நெருக்கடியான காலம் அதுதான். பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதுசு இன்னும் வந்திருக்காது, சந்தையில் விலை உச்சத்தில் நிற்கும்.

40 குழந்தைகள் உள்ள ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் ஊஜி எனப்படும் கஞ்சிக்குத் தலைக்கு 50 கிராம் மாவு. மதியம் கிதேரி என்ற வேகவைத்த கலவைக்கு 120 கிராம் முழு மக்காச்சோளமும் 60 கிராம் பீன்ஸும். இரவு உகாலி என்ற களிக்கு 180 கிராம் மாவு. மக்காச்சோளம் மட்டும் தலைக்கு 350 கிராம், நாளொன்றுக்கு 14 கிலோ. கென்யாவில் மூட்டை என்றால் 90 கிலோ. அது ஆறு நாள் வந்தால் பெரிது. ஆண்டுக்கு 57 மூட்டை. பணியாளர் சாப்பாடு, பொறுக்கிக் கழிப்பது, சிந்துவது எல்லாம் சேர்த்து 70 என்று போட்டால்தான் கணக்கு உதைக்காது.

ரிஃப்ட் பள்ளத்தாக்கின் வடபகுதியில், கிட்டாலே, எல்டோரெட் பக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறுவடை. அப்போது வாங்குவதை மே, ஜூனில் வாங்கினால் ஒன்றரை மடங்கு வரை கொடுக்க வேண்டிவருவது சாதாரணம். கையில் பணமில்லாத இல்லம் கடையில் கோரோகோரோ கணக்கில் வாங்கும். கோரோகோரோ என்பது 2 கிலோ பிடிக்கும் தகர டப்பா. அடி நசுங்கிய டப்பாவால் அளக்கும் வியாபாரியிடம் அது எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அறுவடைக் காலத்தில் மலிவாக வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் விவசாயி ஈரத்தோடு விற்றுவிடுவார். 18 சதவீத ஈரத்தில் வாங்கிய 90 கிலோ மூட்டையைச் சேமிப்புக்குத் தேவையான 13.5 சதவீதத்துக்குக் காயவைத்தால் 85 கிலோதான் நிற்கும். மலிவாக வாங்கிய லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஈரமானியெல்லாம் எல்லா இல்லத்திலும் இருக்காது. உப்புச் சோதனை போதும். நன்கு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்புச் சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் உள்சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஏரிக்கரைக் காற்றில் உப்பே ஈரம் வாங்கியிருக்கும் என்பதால் முதலில் அதை வாணலியில் வறுத்துக்கொள்வது அவசியம். இதை விட்டுவிட்டு நல்ல மக்காச்சோளத்தைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. ஒட்டவில்லை என்றாலும் இன்னும் ஒருநாள் வெயிலில் போடுவது நல்லது. 15-க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்கு மேல் இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

காயவைப்பது தார்ப்பாயில்தான், வெறும் மண்ணில் கூடாது. மண்ணிலிருந்து பூஞ்சை ஏறும், அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். வேகவைத்தாலும் அரைத்தாலும் அது போகாது. 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இந்த நஞ்சேறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். அதனால் சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த மணிகளைக் கையால் பொறுக்கிக் கழிக்கிறோம். கழித்ததைக் கோழிக்கும் போடுவதில்லை.

பிறகு காற்றுப் புகாத பை. உள்ளே இரண்டு அடுக்கு பிளாஸ்டிக், வெளியே சாதாரணச் சாக்கு. உள்காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக முறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளிருக்கும் வண்டு மிச்ச ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மூச்சுமுட்டிச் சாகும், பூச்சிமருந்து தேவையில்லை. இது கெட்டுப்போவது இரண்டு காரணங்களால்: பாதி எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவது, எலி. எனவே ஒன்று முழுதாகத் தீர்ந்த பிறகே அடுத்ததைப் பிரிக்க வேண்டும். பைகளைச் சுவரில் சாய்க்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் எலி வருவது கண்ணுக்குத் தெரியும். மாவு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அரைத்தால் போதும். தவிடு நீக்காத மாவு நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துக் கசக்கும்.

பீன்ஸ் வேறு தொல்லை. சூட்டில் மாதக்கணக்கில் கிடந்த பீன்ஸ் எவ்வளவு விறகு எரித்தாலும் வேகாது. சமையல்காரர் சோடா மாதிரியான மகாடி உப்பைப் போட்டு மெத்தென்று ஆக்கிவிடுவார். அந்தச் சோடா தயமின் (வைட்டமின் பி1) சத்தை அழித்துவிடும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் விறகும் மிச்சம், மகாடியும் வேண்டாம். ஒமேனா என்ற ஏரி மீன், நம் நெத்திலிக் கருவாடு மாதிரி, குழந்தைகளுக்குக் கிடைக்கும் மலிவான புரதம். கரை மணலில் காயவைப்பதால் மூன்று தண்ணீராவது கழுவ வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை பிடிக்கத் தடை. மார்ச்சிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

துணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து பழைய துணி அனுப்பாதீர்கள். மிதும்பா என்ற பழந்துணிச் சந்தை இல்லாத ஊர் கென்யாவில் இல்லை. மொம்பாசா துறைமுகத்தில் உங்கள் பெட்டியை எடுக்க ஆகும் செலவில் இல்லத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இங்கேயே பள்ளிச் சீருடை தைத்துவிடலாம்.

கல்விச் செலவிலும் மாதம்தான் முக்கியம். விடுதியுள்ள மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணத்தை மூன்று பருவமாக 50, 30, 20 சதவீதம் என்று பிரித்து வாங்குவது வழக்கம். பாதிப் பணம் ஜனவரி முதல் வாரத்தில் கட்டியாக வேண்டும். கட்டாத பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்படும்; இல்லத்துப் பிள்ளைக்கு அந்த வீடு எது என்பது பள்ளிக்கும் தெரியாது. இந்தப் பணத்தை இல்லத்துக்கு அனுப்ப வேண்டியதே இல்லை. மாணவரின் சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டுப் பள்ளியின் வங்கிக் கணக்கிலேயே போடலாம்.

மருந்து விஷயத்தில் பணத்தைவிட ஆள்தான் தட்டுப்பாடு. ஏரிக்கரையில் மலேரியா ஆண்டு முழுக்க உண்டு. ஆர்ட்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின் மாத்திரை மூன்று நாளில் ஆறு வேளை. 15 கிலோவிலிருந்து 25 கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வேளைக்கு இரண்டு. இரண்டாம் வேளை முதல் வேளைக்குச் சரியாக 8 மணி நேரம் கழித்து. மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவில் எழுப்ப வேண்டும். பாலோடு அல்லது கொழுப்புள்ள உணவோடு கொடுக்காவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால், மீதி மாத்திரையை "அடுத்தவனுக்கு ஆகும்" என்று எடுத்துவைத்துவிடுவார்கள். காய்ச்சல் திரும்ப இதுவும் ஒரு காரணம். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கு எடை ஏற ஏற மருந்தின் அளவும் மாறும். மாதந்தோறும் எடை பார்த்து எழுதாத இல்லத்தில் ஆறு வயதுப் பிள்ளை நான்கு வயது அளவிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இந்த மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியாவில் தயாராவது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த பிறகு கிளினிக்குகளில் ஆள் குறைந்து, அங்கே வரிசையில் நிற்கும் வேலை இல்லத்து ஊழியர் தலையில் விழுந்திருக்கிறது.

அந்த ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க நன்கொடையாளர் யாரும் முன்வருவதில்லை. கட்டடத்துக்குத் தருவார்கள், பெயர்ப் பலகை வைக்கலாம். எட்டு முதல் பத்துப் பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், இரவுப் பணி, வாராந்திர விடுப்பு என்று கணக்கிட்டால் 40 பிள்ளைக்கு ஆறு பேராவது தேவை. சம்பளம் இரண்டு மாதம் தள்ளினால் நல்லவர்தான் முதலில் வேறு வேலைக்குப் போவார். ஆள் மாற மாற, சின்னப் பிள்ளைகள் கேட்டுக்குள் நுழையும் எவரையும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். பார்க்க வருபவர்கள் அதைப் பாசம் என்று படமெடுக்கிறார்கள். யாரிடமும் ஒட்டாமல் போனதன் அடையாளம் அது. இரண்டு வாரத் தொண்டுக்கு வருவோர் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவதற்குப் பதில் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்த்தால் உபயோகம்.

கடைசியாக, பலரும் கேட்கும் "புதிதாக ஒரு அநாதை இல்லம் கட்டலாமா" என்ற கேள்வி. வேண்டாம். புதிய இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்ய அரசு 2017-லேயே நிறுத்திவைத்தது. 2022-ல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு வெளியான, 2032 வரைக்குமான தேசியத் திட்டம், பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குக் கொண்டுபோவதையே நோக்கமாக வைத்திருக்கிறது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். இல்லையென்றால் பாட்டி, சித்தி யாராவது உண்டு. சோற்றுக்கும் பள்ளிக்கும் வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

திருப்பி அனுப்புவது ஒருநாள் வேலை இல்லை. ஊர்த் தலைமை அலுவலரான சீஃப் மூலம் உறவினரைத் தேட வேண்டும், குழந்தைகள் நல அலுவலர் வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், பிள்ளையை இல்லத்தில் ஒப்படைத்த முந்தைய ஆணையை நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டும். இடையில் விடுமுறைகளில் சில நாள் அங்கே தங்கிப் பழக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் புதுப் பள்ளியில் பெயர் சேர்ப்பதும் பொதுத்தேர்வுக்குப் பதிவதும் சிக்கல், எனவே அதை முன்பே வாங்க வேண்டும். மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால் பாட்டி ஊர்க் கிளினிக்குக்கு மாற்றுக் கடிதமும் கையில் மருந்து இருப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மட்டாத்து (வேன்), போடா போடா (மோட்டார் சைக்கிள்) சவாரிக் கூலி. எந்த நன்கொடைப் பட்டியலிலும் இல்லாத செலவு இது.

இதில் அடிக்கடி தவறுவது பிள்ளைக்கு மட்டும் மெத்தையும் கொசுவலையும் காலணியும் கொடுத்தனுப்புவது. அந்த வீட்டில் ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் பாயில் படுத்திருப்பார்கள். வந்தவனுக்கு மட்டும் மெத்தை என்றால் முதல் வாரமே சண்டை. வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும், இல்லை யாருக்கும் கொடுக்காமல் பாட்டிக்கு இரண்டு ஆடு வாங்கித் தர வேண்டும். அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழை வீடுகளுக்கு அரசின் இனுவா ஜமீ திட்டத்தில் மாதம் 2,000 ஷில்லிங் உண்டு, ஆனால் பெயர் சேர நாளாகும்.

இன்னொரு தடை நம் பக்கமே இருக்கிறது. "ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு" என்று தத்தெடுப்பதுபோல் பணம் அனுப்பும் முறையில், பிள்ளை வீட்டுக்குப் போனால் இல்லத்துக்கு வருமானம் நின்றுவிடும். பிறகு எந்த நிர்வாகி உறவினரைத் தேடுவார்? அப்படி அனுப்புகிறவர்கள், பிள்ளை இல்லத்தை விட்டுப் போன பிறகும் 12 மாதம் அதே தொகை தொடரும், அது பாட்டி வீட்டுச் செலவுக்கும் இல்லத்து ஊழியர் அங்கே போய்ப் பார்த்துவரும் செலவுக்கும் பிரித்துத் தரப்படும் என்று முதல் மாதமே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் இல்லப் பணியாளர்கள்,
கிசுமு, கென்யா.