தொற்றுநோய் ஆய்வுக்கு மாணவர் பரிசு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொற்றுநோய்த் துறையில் முதுநிலை மாணவர்கள் செய்யும் ஆய்வுக்கெனத் தமிழக அரசு தனிப் பரிசு ஒன்றை நிறுவ வேண்டும். மாணவர் ஆய்வேடு என்றாலே தேர்வுக்காக எழுதி அலமாரியில் அடுக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த நினைப்பைப் பொய்யாக்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த, எய்ட்ஸ் பற்றிய தலைப்பில் ஆய்வு தொடங்கிய அவர், இரத்த மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்து, சென்னையில் சோதனை வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கு நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள், எச்.ஐ.வி. தொற்றுக்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அவ்வாறுதான் முதன்முதலாகத் தெரியவந்தது.

பரிசு அவர் பெயரிலேயே அமையலாம். ஆனால் பொன்னாடையும் கேடயமும் மட்டும் (அவற்றுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை) போதாது. சோதனைக் கருவித் தொகுப்புகளுக்கும் மாதிரிகளைக் குளிர்நிலையில் கொண்டு செல்லும் செலவுக்கும், ஆய்வு நடக்கும்போதே பயன்படும் வகையில் தொகை வழங்கப்பட வேண்டும். தேர்வுக் குழுவில் மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களில் பணியாற்றுவோரும் இடம்பெற வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
திருச்சி.