விதியை மாற்றுங்கள், ஆனால் பகடை உருட்டுமுன் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த டேபிள்டாப் ரோல்பிளேயிங் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கடைசிப் பத்தியில், புதிதாக ஆட வருபவர்களுக்கு "புத்தகத்தில் உள்ளபடி ஆடுங்கள், விதியை இஷ்டத்துக்கு மாற்றுவது அழுகுணி ஆட்டம்" என்று புத்தி சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதைவிட வேடிக்கை, அதே பக்கத்தில் பெட்டி கட்டி "இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் எந்தக் காரியமானாலும் கைகூடும்" என்று போட்டிருக்கிறீர்கள். இவற்றில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (சுருக்கமாக டி அண்ட் டி) 2014 புத்தகத்திலும் சரி, 2024 புத்தகத்திலும் சரி, அப்படி ஒரு விதி கிடையாது. தாக்கும்போது 20 விழுந்தால் அடி கட்டாயம் படும். பூட்டைத் திறப்பது, காவலாளியை ஏமாற்றுவது போன்ற சோதனைகளில் 20 என்பது வெறும் 20தான். தேவைப்படும் எண் 30 என்றால், உங்கள் திறமைக்கான கூடுதல் எண்ணைச் சேர்த்தும் எட்டவில்லை என்றால், பூட்டு திறக்காது. 2022ல் புதிய பதிப்புக்கான சோதனை விதிகளில் எல்லாவற்றுக்கும் 20 வெற்றி என்று வைத்துப் பார்த்தார்கள், பிறகு அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆக, புத்தகத்தை மீறாதே என்று சொல்லும் கட்டுரையே ஊர்ப்பட்ட மேசைகளில் ஓடும் ஒரு வீட்டு விதியை, அதாவது ஆடுபவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட விதியை, புத்தக விதி என்று நம்பிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தைப் பெரும்பாலோர் புத்தகத்தைப் பார்த்தா கற்றுக்கொள்கிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான்.

இந்த ஆட்டம் பிறந்ததே விதியை மாற்றியவர்களின் கையில்தான். 1969ல் டேவிட் வெஸ்லி, நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டில் வெறுமனே படைகளை நகர்த்துவதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊருக்குள் உலவ விட்டார். அதில் ஆடிய டேவ் ஆர்னசன் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு பிளாக்மூர் என்ற தன் உலகத்தை உருவாக்கினார். சண்டைக்கு, கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் விதிகளை எடுத்தாண்டு, சரிப்படாததை மாற்றிக்கொண்டார். அப்புறம் அவரும் கைகாக்ஸும் சேர்ந்து 1974ல் கொண்டுவந்ததுதான் டி அண்ட் டி. அந்த முதல் பெட்டியில் குத்துவாளால் குத்தினாலும் இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வாளால் வெட்டினாலும் சேதம் என்னவோ ஒரே ஒரு ஆறு முகப் பகடைதான். அடுத்த ஆண்டே கிரேஹாக் என்ற துணைப் புத்தகம் வந்து ஆயுதத்துக்கு ஆயுதம் சேதத்தை மாற்றியது, திருடன் என்ற வகுப்பையும் (பாத்திரத்தின் தொழில் வகை) சேர்த்தது. பிற்பாடு அதே கைகாக்ஸ் எல்லோரும் ஒரே மாதிரி விதியில் ஆட வேண்டும் என்று வாதாடியது தனிக் கதை. 1981ல் வந்த கால் ஆஃப் கதுலு, ரூன்குவெஸ்ட் ஆட்டத்தின் விதிகளை வளைத்துச் செய்தது. 2009ன் பாத்ஃபைண்டர், டி அண்ட் டியின் மூன்றரைப் பதிப்பை மாற்றிச் செய்தது. இவர்கள் எல்லோரும் அழுகுணி ஆடியவர்கள் என்றால் நாம் ஆட இன்று ஒன்றுமே இருந்திருக்காது.

அதற்காக எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொல்ல வரவில்லை. மோசமான வீட்டு விதிகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் முதலிடம் சொதப்பல் விதிக்கு. தாக்கும்போது 1 விழுந்தால் அடி தவறுவதோடு நிற்காமல் வாள் கைநழுவும், வில்லின் நாண் அறும், பக்கத்தில் நிற்கும் தோழனுக்கே அடி விழும். கேட்க ஜோராகத்தான் இருக்கும். நான் போய் ஆடிய ஒரு மேசையில் இது இருந்தது. ஐந்தாம் லெவல் போர்வீரனை ஆடியவருக்குத் தன் முறை வரும்போதெல்லாம் இரண்டு தாக்குதல். அதே ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்குத் தீக்கோளம் கிடைக்கும். ஆறு முகப் பகடை எட்டை உருட்டிக் கூட்டும் சேதம், அதுவும் அவர் குறிபார்த்துப் பகடை உருட்டவே வேண்டாம், தப்பிக்க உருட்ட வேண்டியது எதிரிதான். அதனால் மந்திரவாதி அந்தச் சண்டை முழுக்கச் சொதப்பவே வழியில்லை. போர்வீரனோ நான்கு சுற்றில் எட்டு முறை உருட்டுகிறார், எட்டில் ஒன்றாவது 1 ஆக விழும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. இருபதாம் லெவலுக்குப் போனால் முறைக்கு நான்கு தாக்குதல். ஒவ்வொரு முறையும் சொதப்பும் வாய்ப்பு 18 சதவீதத்துக்கு மேல். அதாவது உலகத்திலேயே தேர்ந்த வாள்வீரன், நேற்று வாள் பிடித்தவனைவிட அடிக்கடி வாளைக் கீழே போடுகிறான்! அந்த மேசையில் போர்வீரனை ஆடியவர் மூன்றாவது தடவை வாளைப் பொறுக்கக் குனிந்தபோது எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரும் ஒரு மந்திரவாதியை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

சொதப்பல் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஒரு முறையில் முதல் தாக்குதலுக்கு மட்டும் அது பொருந்தும் என்று வைத்தால், இரண்டு தாக்குதல் உள்ளவருக்கும் நான்கு உள்ளவருக்கும் ஒரே ஐந்து சதவீதம். சிரிப்புக்குச் சிரிப்பு, நியாயத்துக்கு நியாயம். மந்திரவாதி தப்பிப்பது அப்போதும் தீராது, அது வேறு பஞ்சாயத்து.

ஓய்வு விதியும் இப்படித்தான். பாத்திரங்கள் காயம் ஆறவும் செலவழித்த சக்தியைத் திரும்பப் பெறவும் ஓய்வெடுப்பார்கள். கதை மெதுவாக நகர வேண்டும் என்று சிலர் குறுகிய ஓய்வை எட்டு மணி நேரமாகவும் நீண்ட ஓய்வை ஏழு நாளாகவும் ஆக்கிவிடுவார்கள். இது 2014 டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) புத்தகத்திலேயே விருப்ப விதியாக இருக்கிறது, எனக்கும் பிடித்த விதி. ஆனால் மந்திரக் கவசம் என்று ஒரு மந்திரம் எட்டு மணி நேரம்தான் நிற்கும். முன்பு காலையில் ஒரு தடவை போட்டால் அன்றைய அலைச்சல் பூராவுக்கும் போதும், ராத்திரி தூங்கி எழுந்தால் செலவழித்ததும் திரும்பக் கிடைத்துவிடும். இப்போது வாரம் முழுக்க அலைச்சல், செலவழித்தது திரும்புவது வாரக் கடைசியில். கவசம் போட்ட மந்திரவாதிக்கு இது நேரடி நஷ்டம். குறுகிய ஓய்விலேயே மந்திர சக்தி திரும்பும் வார்லாக் மாதிரி வகுப்புக்குப் பெரிய பாதிப்பில்லை. யாரும் மந்திரவாதியைத் தண்டிக்க நினைக்கவில்லை, ஆனால் தண்டனை விழுந்துவிட்டது. ஒரு விதியைத் தொடுமுன் அதில் வேறு எதெல்லாம் சாய்ந்து நிற்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். மேற்படி சிக்கலுக்கு மந்திரம் நிற்கும் நேரத்தையும் சேர்த்து நீட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நல்ல மாற்றத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2014 விதியில் காயம் ஆற்றும் மருந்தைக் குடித்தால் உங்கள் முறையின் முக்கியச் செயல் போய்விடும். கிடைப்பதோ நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி வருவதோடு இன்னும் இரண்டு, சராசரியாக ஏழு ஹிட் பாயிண்ட் (பாத்திரத்தின் உயிர்ப் புள்ளி). எதிரில் நிற்கும் அரக்கன் ஒரே அடியில் அதைவிட அதிகம் பிடுங்கிவிடுவான். அதனால் யாரும் குடிக்க மாட்டார்கள், ஆட்டம் முடியும்வரை எல்லோர் பையிலும் குப்பி அப்படியே கிடக்கும். நிறைய மேசைகளில், அதைக் கூடுதல் செயலாக (முக்கியச் செயலோடு சேர்த்துச் செய்ய முடிகிற சிறு செயல்) குடிக்கலாம் என்று மாற்றினார்கள். 2024 புத்தகத்தில் அதுவே அதிகாரபூர்வ விதி ஆகிவிட்டது. இந்த மாற்றம் ஏன் நின்றது என்றால், குறை என்னவென்று எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது, மாற்றம் அந்தக் குறையை மட்டும் தொட்டது. கூடுதல் செயலை ஒளியவும் ஓடவும் செலவழிக்கும் ரோக் (திருடன் வகுப்பின் இன்றைய பெயர்) மட்டும் இன்னும் குடிப்பதா ஒளிவதா என்று யோசிக்க வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான்.

ஒரு ஆட்டத்துப் பழக்கத்தை இன்னொரு ஆட்டத்துக்குள் கொண்டுபோகும்போது கணக்குப் பார்ப்பது இன்னும் முக்கியம். இருபது முகப் பகடை ஆட்டங்களில் "நல்லா நடிச்சீங்க, இந்தாங்க ரெண்டு" என்று தாராளமாகக் கொடுப்பது வழக்கம். அங்கே இரண்டு என்பது பத்து சதவீதம், பரவாயில்லை. ஆனால் 2010ல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய அபோகாலிப்ஸ் வேர்ல்டும் அதன் வழிவந்த ஆட்டங்களும் இரண்டு ஆறு முகப் பகடையில் ஓடுகின்றன. ஆறு வரை தோல்வி, ஏழு முதல் ஒன்பது வரை ஏதாவது விலை கொடுத்து வெற்றி, பத்தும் அதற்கு மேலும் முழு வெற்றி. கூடுதல் எதுவும் இல்லாமல் ஏழைத் தொடும் வாய்ப்பு 58 சதவீதம். அதே இரண்டை இங்கே கொடுத்தால் 83 ஆகிவிடும். தோல்வியே அருகிப்போன பிறகு அந்த ஆட்டத்தில் கதை எங்கிருந்து கிளம்பும்? பாத்திரங்கள் விலை கொடுப்பதில்தானே அதன் ருசியே இருக்கிறது.

எளிதாக இடம் மாறுபவையும் உண்டு. துப்பறியும் கதையில், தடயம் கிடைக்கப் பகடை உருட்டி அது தோற்றுப்போய் எல்லோரும் திருதிருவென்று விழிக்கும் நிலை பலரும் பார்த்ததுதான். ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிகளில், சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடை கிடையாது. இந்த ஒரு வரியைத் தூக்கி எந்த ஆட்டத்தில் வைத்தாலும் எதுவும் உடையாது. ஆனால் மாதக்கணக்கில் துப்பறியும் கதை மட்டுமே ஆடப் போகிறீர்கள் என்றால், டி அண்ட் டியைப் பிய்த்து ஒட்டுவதைவிட அதற்கென்றே எழுதிய ஆட்டத்தை எடுப்பது புத்திசாலித்தனம். இருபது பக்க வீட்டு விதிக் கோப்பு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

அழுகுணி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பகடை விழுந்த பிறகு சத்தமில்லாமல் விதியை மாற்றுவதைச் சொல்லலாம். ஆட்டம் நடத்துபவர் தன் முன்னால் வைத்திருக்கும் திரைக்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றிச் சொல்வது, சண்டை சீக்கிரம் முடிகிறதே என்று அரக்கனுக்குப் பாதியில் ஹிட் பாயிண்ட் ஏற்றுவது. கதைக்காகச் செய்கிறோம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மேசைக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி உருட்டுபவர்களோடு ஆடத்தான் எனக்குப் பிடிக்கிறது. அதேபோல, முன்பின் தெரியாதவர்கள் கூடும் மாநாடுகளிலும் லீக் ஆட்டங்களிலும் புத்தக விதியையே வைப்பது நியாயம்தான், அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் பேசி முடிவுசெய்ய ஏது நேரம்?

தெரிந்தவர்கள் சேர்ந்து ஆடும் மேசையில் அந்த நேரம் இருக்கிறது. மாற்றங்களை ஒரே பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் முதலிலேயே கொடுத்துவிடலாம். எழுதியதை நான்கு பேருக்கு மேல் பகிர வேண்டும் என்றாலும் வழியிருக்கிறது: 2023 ஜனவரியில், உரிமம் பற்றிய பெரிய சண்டைக்குப் பிறகு, டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் (மேலே சொன்ன 2014 புத்தகம்) அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது; மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் மாற்றி எழுதி வெளியிடலாம், எந்த மொழியிலும். மேசையில் புது விதி ஒன்றைச் சேர்க்கும்போது "இதை இத்தனை செஷன் பார்ப்போம்" என்று கெடு வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்து விதியை எடுக்க நேர்ந்தால், அதை நம்பித் தன் பாத்திரத்தை வளர்த்தவர் திறமைகளை மாற்றி எழுதிக்கொள்ள அனுமதியுங்கள், அதற்கு அவரிடம் பொன்னோ அனுபவப் புள்ளியோ கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
வாரக் கடைசியில் ஆட்டம் நடத்தும் ஒரு வாசகர்