மே மாதம் கட்டடமும் காலி, கணக்கும் காலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையில், "சின்னப் பள்ளிகளில் விழாக்களுக்குக் குறைவில்லை, வளர்ச்சித் திட்டம்தான் எழுதியதோடு நின்றுவிடுகிறது" என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற பகுதிகளில் எங்களுக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் அந்த ஒரு வரி, ஈராசிரியர் பள்ளிகளில் வேலை பார்க்கும் எங்கள் எல்லோரையும் மிகவும் வருத்தியிருக்கிறது. எழுதிய திட்டம் ஏன் நின்றுவிடுகிறது என்று கட்டுரையாளர் ஒரு பள்ளியிலாவது கேட்டிருக்கலாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21இல் பள்ளி மேலாண்மைக் குழுவையும், பிரிவு 22இல் பள்ளி வளர்ச்சித் திட்டத்தையும் சொல்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒரு துணைத் திட்டம். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் தேவை, கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் என்ன வேண்டும், பணம் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். இதை எழுதுவது கடினமல்ல. குழு உறுப்பினர்களோடு பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பாதித் திட்டம் தயாராகிவிடும். கூரை, கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், சமையல் கூடம் என்று பார்த்துக்கொண்டே வந்து, பணமே இல்லாமல் செய்யக் கூடியது எது, பள்ளி மானியத்தில் முடிவது எது, ஊராட்சியிடம் கேட்க வேண்டியது எது, துறைக்கு எழுத வேண்டியது எது என்று பிரித்தால் போதும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் சின்னப் பள்ளிகள் நிறைய உண்டு. அதற்குப் பிறகுதான் தடங்கல் தொடங்குகிறது.

ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். கரும்பு வெட்டப் போகும் ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டால் 31 என்பது 28 ஆகும், மானியம் 15,000 குறையும். கூரையின் பரப்பு குறையாது, கழிப்பறையின் எண்ணிக்கையும் குறையாது. அந்தப் பத்தாயிரத்திலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஆயிரம் ரூபாயைப் பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் நூறு ரூபாய். பினாயில், விளக்குமாறு, சோப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் அந்த நூறுக்குள். போதவில்லையென்றால் மீதிப் பத்தில் ஒன்பது பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதும், குழாய் மாற்றுவதும், பதிவேடு வாங்குவதும் அந்த மீதியில்தான்.

அந்தப் பணமும் எப்போது வருகிறது? பல ஆண்டுகளில் அது கல்வியாண்டின் கடைசியில்தான் கைக்கு வருகிறது. வந்தவுடன், மார்ச் 31க்குள் செலவு செய்து ரசீதுகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். செலவிடாத தொகை திரும்பிவிடும். இதனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மொட்டை மாடியில் மழைநீர் வடியும் வாய்களை வேப்பஞ்சருகு அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கித் தளம் ஊறுகிறது. கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கிறது. அதை மேலோடு வெட்டிவிட்டால் வேர் உள்ளே தடித்துச் சுவரை இன்னும் பிளக்கும். வேரோடு எடுத்து, விரிசலைச் சுரண்டி அகலமாக்கி, சிமெண்ட் கலவை வைத்து அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும். தளத்து ஓடுகளின் இணைப்புகளையும் அப்படியே சுரண்டிப் பூச வேண்டும். தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கீழே பிள்ளைகள் இருக்கக் கூடாது. இதற்குப் பொருத்தமான மாதம் மே. ஆனால் மே மாதம் பள்ளிக் கட்டடம் காலியாக இருப்பது போலவே பள்ளிக் கணக்கும் காலியாக இருக்கும். மார்ச்சில் மூன்று வாரத்துக்குள் குழுத் தீர்மானம், விலைப்புள்ளி, கொத்தனார், ரசீது எல்லாவற்றையும் முடிக்க முடியாமல், கடையில் வாங்கக் கூடிய பொருளாக வாங்கி வைத்துக் கணக்கை முடிக்கிறார்கள்.

பிளீச்சிங் பவுடரும் அப்படி வாங்கப்படுகிறது. தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, 1000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். மார்ச்சில் வாங்கிப் பிரித்த பை, பத்திரமாக மூடாமல் புழுக்கமான அறையில் கிடந்தால், அக்டோபர் மழையில் தேவைப்படும்போது அதில் குளோரின் வீரியம் பெரும்பாலும் போயிருக்கும். அளவு சரியாகப் போட்டும் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்தால் பழி யார் மேல் விழும் என்பதும் தங்களுக்குத் தெரியும்.

2024-25இல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியையே தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியதும், அது உச்ச நீதிமன்றம் வரை போனதும் தங்கள் இதழிலேயே வந்த செய்திகள். அந்த ஆண்டில் எழுதிய வளர்ச்சித் திட்டங்களும் "எழுதியதோடு நின்றவை" கணக்கில்தான் சேருமா?

பள்ளி மானியத்தில் முடியாததை ஊராட்சியிடம் கேட்கலாம். 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு வந்த ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிவைக்கப்பட்டது. கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு அதில் தாராளமாக அடங்கியது. ஆனால் ஊராட்சித் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையில் தொடங்குகிறது. அதில் இடம்பெற வேண்டுமானால் மேலாண்மைக் குழுத் தீர்மானம் செப்டம்பரிலேயே எழுத்தில் போயிருக்க வேண்டும். தாமதமானால் ஓராண்டு போயிற்று. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தபோது, குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கான இடமும் வெறுமையாயிற்று. வார்டு உறுப்பினரை வழியில் நிறுத்தி "நம்ம பள்ளிக்கூடத்துக் குழாய் என்ன ஆச்சு" என்று கேட்கும் வாய்ப்பும் அதோடு போனது.

குழு கூடுவதும் கட்டுரையாளர் நினைப்பது போல எளிதல்ல. 24 பேர் கொண்ட குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்பது சட்டம். 28 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அண்ணன் தங்கைகளைக் கழித்தால் குடும்பங்கள் இருபதைத் தாண்டாது. ஏறக்குறைய ஊரே குழு. கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. நூறு நாள் வேலைத் தளத்தில் வருகையைப் பதிவு செய்ய ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுக்கிறார்கள். இரண்டாவது படத்துக்கு முன் கிளம்பி வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி இல்லை. கூலியை விட்டு வந்து உட்கார்ந்த பெண்களிடம் "சென்ற முறை கேட்டது இன்னும் வரவில்லை" என்று மூன்று கூட்டம் சொன்னால், நான்காவது கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்று முதலில் கேட்டவர்களும் அவர்கள்தான்.

விழாக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளிலும், சுதந்திர தினத்திலும், ஆண்டு விழாவிலும்தான் எல்லாப் பெற்றோரும் ஒன்றாகப் பள்ளிக்குள் வருகிறார்கள். நல்ல தலைமையாசிரியர்கள் அன்றுதான் திட்டத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்து வாசிக்கிறார்கள். பிள்ளை பாடுவதைக் கேட்க வந்த தகப்பன் கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். விழாவைக் குறைத்தால் திட்டம் வளரும் என்பது பள்ளியைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு.

இவ்வளவையும் செய்ய இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. ஒருவர் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை, மற்றவர் நான்கும் ஐந்தும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலையான அரும்பில் இருந்தால் அதற்குத் தனியாக எழுத்துப் பயிற்சி தர வேண்டும். ஒருவர் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவள மையப் பயிற்சிக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால், அன்று ஐந்து வகுப்பும் மற்றவர் கையில். வருகைப் பதிவும் தேர்வு மதிப்பீடும் செயலியில் ஏற்ற வேண்டும், ஊரில் சிக்னல் இருக்கும் இடம் தேடி நிற்க வேண்டும். கழிப்பறை கழுவ வருபவரின் சம்பளம் ஊரக வளர்ச்சித் துறை வழியாகத் தாமதமாக வந்து, அவர் வேலையை விட்டுவிட்டால் அந்த வேலையும் இவர்கள் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

நீண்ட காலமாக மனத்தில் இருப்பதையும் எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் ஒழுகும் வகுப்பறையின் படம் தங்கள் இதழில் வருகிறது. தலைமையாசிரியர் கை கட்டி நிற்பார். மே மாதத்தில், அந்தக் கூரைக்குப் பணம் வந்ததா என்று கேட்டு ஒரு செய்தி இதுவரை வந்து நாங்கள் பார்த்ததில்லை. தேர்ச்சி விழுக்காட்டில் தனியார் பள்ளியோடு ஒப்பிடும் கட்டுரைகள் வருகின்றன. அந்தப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது எழுதப்படுவதில்லை. நாங்கள் படித்து வளர்ந்த இதழ் என்பதால்தான் இதைச் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஏப்ரல் இதழில், எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு பள்ளி மானியம், அது எதற்கெல்லாம் செலவழிக்கலாம், கிராம சபைக்குக் குழுவின் தீர்மானம் எந்த மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை ஒரு பெட்டிச் செய்தியாக, பெற்றோர் வெட்டி எடுத்துவைக்கும் அளவில் வெளியிடுங்கள். அரைப் பக்கம் போதும். ஜூன் மாத முதல் கூட்டத்தில் அதை நாங்களே வாசித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சிவகங்கை மாவட்டம்.