சனிக்கிழமை வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று பெயர் வைத்த வேலூர் மாவட்டம் இது. முன்னாள் ராணுவத்தினருக்குப் பென்ஷன் பேப்பர், கேண்டீன் கார்டு என்றால் ஓடிவந்து உதவ ஆள் உண்டு. ராத்திரித் தூக்கம் போய்விட்டது என்று யாரிடம் சொல்வது? கண்ட கொடுமை மனதை விட்டுப் போகாதவர்கள் கூடிப் பேசத்தான் நம் சனிக்கிழமை வட்டம். தீயணைப்பு வீரர்களும் 108 ஊழியர்களும் விபத்தில் பிழைத்தவர்களும் இதே வட்டத்தில்தான் உட்காருகிறார்கள்.

எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், நடத்துபவர் இருவர். ஒருவர் பேச்சைக் கவனிப்பார், மற்றவர் முகங்களைக் கவனிப்பார். யாராவது சட்டென்று எழுந்து வெளியே போனால் பின்னால் போக வேண்டியவர் இந்த இரண்டாமவர். நாற்காலிகள் சுவரை ஒட்டி, கதவு எல்லார் கண்ணிலும் படும்படி. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் பாதிப் பேருக்குக் காது அங்கேதான் இருக்கும். எவர்சில்வர் டம்ளர் தரையில் விழும் சத்தத்துக்குப் பயந்துதான் பேப்பர் கப். சாப்பாடு சைவமானது சிக்கனத்துக்காக அல்ல. தீயில் கருகிய உடல்களைத் தூக்கியவருக்குக் கறி வறுபடும் வாசனை ஆகாது.

இவ்வாண்டு மாற்றிக்கொண்டது ஒன்று. பெரிய விபத்து நடந்த அன்றே மீட்புக்குப் போனவர்களைக் கூட்டி, கண்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்வது நம் வழக்கம். நிறுத்திவிட்டோம். அப்படிக் கிளறுவது காப்பாற்றுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் கட்டாயப்படுத்திப் பேசவைக்காதே என்கிறது. இப்போது முதல் நாள் தண்ணீர், சாப்பாடு, மாற்றுத் துணி, வீட்டுக்கு ஒரு போன், வீடுவரை துணை, அவ்வளவுதான். மூன்றாம் நாளும் இரண்டாம் வாரமும் போனில் விசாரிப்பு, மாதம் முடியும்போது நேரில். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தச் சாலைப் பக்கமே போகாமை இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம். ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) கார்டு உள்ளவர் அதன் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொள்ளலாம்.

குடி விஷயத்தில் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று ஒருவர் எழுந்தால் நாம் கைதட்டுகிறோம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல், நடுக்கம், உயிராபத்து. கைதட்டலை விடுங்கள், நிறுத்துவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடக் கூடாது. அன்றே 14416-க்குப் போன் போடுங்கள், அது டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் நம்மில் பலர். அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க உதவுங்கள். பூச்சிமருந்தும் வீட்டில் வேண்டாம். கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் தற்கொலை முயற்சியை வீட்டார் மறைக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்தும் தெரு அடங்குவதில்லை. சொன்ன நேரத்தில் வெடித்தால் நம் உறுப்பினர்கள் சமாளித்துவிடுவார்கள். நடுராத்திரி ஒற்றை வெடிதான் ஆளை உலுக்குகிறது. அந்த வாரம் தெருத்தெருவாகச் சொல்ல இளைஞர்கள் வேண்டும், பெயர் கொடுங்கள்.

மனைவிமாருக்கான வட்டம் இன்னும் தொடங்கவில்லை. நடத்தப் பயிற்சி பெற்ற பெண்கள் இல்லாததே காரணம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.