போர் நாடகங்களில் தாய்மாரும் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்காக நமது மட்டக்களப்புப் பாடசாலைகள் மேடையேற்றும் போர்க்கதைகளில் வாள்வீச்சும் வெற்றிமுழக்கமும்தான் அதிகம். வடமோடிக் கூத்தின் ஆட்டம் எனக்கும் உயிர்தான். ஆனால் போரின் கொடூரம் அந்த ஆட்டம் நின்ற பிறகும் தொடர்கிறதே!

கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவை முற்றுகையிட்டது. தீவு சரணடைந்ததும் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியது. கி.மு. 415இல் அதே ஏதென்ஸில் நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தைப் போட்டார். ஜெயித்தவர்களை உட்காரவைத்து, பழங்கதைப் போரில் கிரேக்கரிடம் தோற்ற ட்ராய் நகரின் தாய்மார் அழுவதைக் கேட்கவைத்தார். எவ்வளவு துணிச்சல்! நம் புறநானூற்றுப் பாரி மகளிரோ இரத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் நம்முடையதாக இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான், நெஞ்சு அடைத்துவிடுகிறது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தித் தாய்மார் போராடும் மாவட்டம் இது. அபிமன்யு மடிந்தபின் சுபத்திரை புலம்பும் காட்சியை, நேரம் போதாது என்று ஆசிரியர்கள் வெட்டிவிட வேண்டாம். நடுவர்களும் அதற்கு உரிய புள்ளியைக் கொடுக்க வேண்டும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு