மாத்திரையை நிறுத்திவிடாதே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாஸ்கருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்ட செய்தியை வீட்டில் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். எனக்குக் கடைசிப் பத்திதான் உறுத்தியது. மசாஜ் முடித்து எழுந்ததும் பிரஷர் 126/80 இருந்ததாம், இனி மாத்திரை எதற்கு என்கிறாய்!

அரை மணி நேரம் கண்ணை மூடிக் குப்புறப் படுத்திருந்தால் யாருக்குத்தான் இறங்காது? அந்த 126-இல், காலையில் நீ விழுங்கிய அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரைக்கும் பங்கு உண்டு.

மசாஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதமாகப் பிடித்துவிட்டால் பதற்றம் அடங்குகிறது, இதயத் துடிப்பு குறைகிறது, இரத்தக் குழாய்கள் சற்றுத் தளர்கின்றன. அழுத்தம் கொஞ்சம் இறங்குவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பலனும் நெடுநாள் நிற்பதாகத் தெரியவில்லை. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் குறைப்பதற்கான சான்று மாத்திரைக்குத்தான் இருக்கிறது.

உண்மை நிலவரம் வேண்டுமானால் காலையில் அளந்து பார். சிறுநீர் கழித்த பின், காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார். (உனக்கு அதுதான் கஷ்டம்.) கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை அளந்து ஒரு வாரம் குறித்துவை. வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிகம் என்றே கொள்ள வேண்டும். நோட்டை டாக்டரிடம் காட்டு; மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவர் சொல்லட்டும்.

பிடித்துவிடுபவரிடம் முதலிலேயே பிரஷர் இருப்பதைச் சொல்லிவிடு. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும்படி முழங்கையால் அழுத்த விடாதே. வலி அழுத்தத்தை ஏற்றத்தான் செய்யும். கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் வேண்டவே வேண்டாம், நம் வயதில் அங்குள்ள தமனியில் கொழுப்பு படிந்திருக்கலாம். முடி வெட்டிய பிறகு கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதில் நீ சொக்கிப்போவாய் என்பது எனக்குத் தெரியும். அதை இன்றோடு விட்டுவிடு. அப்படித் திருகியதில் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெயும் கையுமாகப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போ. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். மசாஜ் முடிந்ததும் சட்டென்று எழாதே, தலை சுற்றும்.

முதுநகர் கருவாடு கேட்டிருந்தாய். அனுப்புவதாக இல்லை. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீயோ கருவாட்டுக் குழம்புக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்கிறவன். அடுத்த மாதம் அங்கே வரும்போது பண்ருட்டிப் பலாப்பழம் கொண்டுவருகிறேன். சர்க்கரை இன்னும் எட்டிப்பார்க்கவில்லைதானே? அதையும் எழுது.

அன்புடன்,
கலியமூர்த்தி